தாலிக்கொடியில் ஓர் அமெரிக்கக் காசு

என் தாலிக்கொடியில் தாலிக்கு இரு பக்கமும் ஒவ்வொரு பவுண் காசு கோத்திருந்தது. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து இந்தக் கரைக்கு வந்த எங்கள் ஆட்களிடம் அது வழக்கம். காசில்லாத கொடியைக் கொடி என்றே மதிக்கமாட்டார்கள். வலப்பக்கக் காசில் தாடி வைத்த ஓர் அரசர் இருந்தார். இடப்பக்கக் காசில் நெற்றிக்கு மேல் முடி அணிந்த ஒரு பெண். ராசாக் காசு, ராணிக் காசு என்று மாமி சொல்வார். மாமி என் கணவரின் தாய். சண்டை தொடங்குவதற்கு முன்பே, மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்காத காலத்தில், வரப்போகிற மருமகளுக்கென்று அந்த இரண்டையும் ஒரு நகைக்கடையில் வாங்கி, வளையமும் ஒட்டுவித்து வைத்தவர். வன்னிக் கரையிலிருந்து மன்னாருக்கும், அங்கிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கும் வந்தபோது அவை அவருடைய பாவாடை நாடா மடிப்புக்குள் இருந்தன. முகாமில் இருந்த வருடங்களிலும் அவற்றை விற்கவில்லை. உடப்புக்குக் கிட்ட எங்களுக்கென்று ஒரு காணித் துண்டு கிடைத்து, சண்டையும் முடிந்து, நான் மருமகளாக வந்த பிறகுதான் அவை வெளிச்சம் கண்டன.

நான் உயர்தரம் வரை படித்தவள். பாலர் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக் காட்டிக் கொடுக்கிறவள். ஆனாலும் கல்யாணமாகி மூன்று வருடம் என் கழுத்தில் கிடந்த காசில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் வாசித்துப் பார்க்கவில்லை. தாலியை யாரும் வாசிப்பதில்லை. கண்ணில் ஒற்றுவோம், மஞ்சள் பூசுவோம், சட்டைக்குள் விடுவோம்.

மகள் பிறந்தபோது சிலாபம் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு முன் கொடியைக் கழற்றி மாமியிடம் கொடுத்திருந்தேன். முப்பத்தோராம் நாள் பேற்றுத் துடக்குக் கழித்த பின் அதைத் திரும்பப் போடுவதற்காக மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மகள் பால் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு கை சும்மா இருந்தது. ராணிக் காசைப் புரட்டினேன். பின்பக்கம் சிறகு விரித்த ஒரு பறவை. மாமிக்கு அது கருடன். பெண்ணின் தலை நேராக நிற்கும்படி வளையம் ஒட்டியிருந்ததால் பறவை எப்போதும் தலைகீழாகவே தொங்கியது. அதைச் சுற்றி ஆங்கில எழுத்துகள். வகுப்பில் செய்வது போல ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டினேன். யுனைட்டட் ஸ்டேட்ஸ் ஒவ் அமெரிக்கா.

முதலில் வந்தது பயம்தான். எனக்குப் பயம் தனியாக வராது. ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும். காசு போலியோ? போலி என்றால் மாமியை ஏமாற்றியிருக்கிறார்கள். அதை நான் சொன்னால், மாமி என்னை ஏமாற்றினதாக நான் சொல்வது போல ஆகும். சொல்லாமல் விட்டால், கொடியை அடகு வைக்கிற இடத்தில் இன்னொருவர் சொல்வார்.

கொடியை அடகு வைக்கத்தான் இருந்தோம். மீன்பிடிக்கப் போகும் என் கணவரின் வள்ளத்து வெளியிணைப்பு இயந்திரம் பழுதாகி, திருத்தவே முடியாது என்று மெக்கானிக் கைவிட்டு எட்டு மாதம். வள்ளம் எங்கள் வேலியோரம் கவிழ்ந்து கிடந்தது. அவர் மற்றவர்களின் வள்ளத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். புத்தளத்தில் ஓர் ஏஜென்ட் கட்டார் வேலைக்குப் பெயர் எழுதி, கடவுச்சீட்டையும் வாங்கி வைத்திருந்தார். மிச்சப் பணத்தைக் கட்டினால் இரண்டு மாதத்தில் விமானம். இரண்டு வருட ஒப்பந்தம். அவர் திரும்பும்போது மகள் ஓடித் திரிவாள், அவரைக் கண்டு ஒளிப்பாள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பால் வற்றிவிடும் போல இருக்கும். ஒரு பாவித்த இயந்திரம் கிடைத்தால் அவர் போகத் தேவையில்லை. ஆனால் அடகுக்கடை தரும் தொகை ஏஜென்டுக்குத்தான் காணும், இயந்திரத்துக்குக் காணாது.

மூன்றாம் நாள் சொன்னேன். மாமி முற்றத்தில் சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். கணவர் பக்கத்தில் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தார்.

"மாமி, இந்த ராணி இங்கிலாந்து ராணி இல்லை."

"அப்ப ஆர்? உன்ர கொம்மாவோ?"

"இது அமெரிக்காக் காசு, மாமி."

"அமெரிக்காவில எங்கால ராணி?"

"அதைத்தான் நானும் சொல்லுறன். இது ராணி இல்லை."

மாமி கத்தியைக் கீழே வைத்தார். "இஞ்சை பார் பிள்ளை. உவ்வளவு ஷெல்லுக்குள்ளால இடுப்பில கட்டிக்கொண்டு வந்த சாமான். கள்ளக் காசெண்டோ சொல்ல வாறாய்?"

"கள்ளக் காசெண்டு அவள் சொல்லேல்லை அம்மா," என்றார் கணவர். "ராணி வெளிநாடு போட்டா எண்டு சொல்லுறாள். நான் போக முதல் அவ போயிட்டா."

அவர் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அன்றைக்கு மாமி என்னோடு பேசாமல் மகளோடு மட்டும் பேசினார், எனக்குக் கேட்கும்படி.

அடுத்த நாட்களில் மகள் தூங்கும் நேரமெல்லாம் கைத்தொலைபேசியில் தேடி வாசித்தேன். ஐந்து டொலர் தங்கக் காசு. பவுண் காசின் அளவும் எடையும் கிட்டத்தட்ட அதற்கும் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது போனதில் அதிசயம் இல்லை. அந்தப் பெண் அரசி அல்ல, சுதந்திரத்துக்கு அவர்கள் கொடுத்த உருவம். இந்தக் காசு கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது, பெரும்பாலானவை தங்க விலைக்குச் சற்று மேல்தான் போகும். ஆனால் பறவையின் வாலுக்குக் கீழே பொடியாக எழுத்து இருந்தால், அது எந்த ஊரில் அடித்த காசு என்பதைக் காட்டும். சில ஊர்களில் கொஞ்சம்தான் அடித்தார்கள். இரண்டு 'சி' பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது கார்சன் சிட்டி என்ற சின்ன ஊர், சேகரிப்பவர்கள் தேடுகிற காசு.

எங்கள் காசில் அந்த இடத்தில்தான் வளையத்தின் ஒட்டு இருந்தது. பெண்ணின் தலைக்கு மேலே ஒட்டுவதற்கு உருக்கிய பொடி, மறுபக்கத்தில் வழிந்து, 'ஐந்து' என்ற சொல்லையும் மறைத்து, வாலுக்குக் கீழேயும் படிந்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு வளைவு தெரிந்தது. அது எழுத்தா, கீறலா என்று ஒரு நாளைக்கு இருபது தரம் பார்த்தேன். காலையில் எழுத்து மாதிரி இருக்கும். பின்னேரம் கீறல் மாதிரி இருக்கும்.

சிலாபத்தில் ஒரு பல் டொக்டரை எனக்குத் தெரியும். கர்ப்பமாக இருந்தபோது கடைவாய்ப் பல் பிடுங்கப் போயிருந்தேன். அவருடைய சுவரில் பல்லின் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பழைய காசுகள் இருந்தன. விறைப்பு ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்த நேரத்தில் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் கேட்டபோது, "வளையத்த எடுத்திட்டு கொண்டாங்க நங்கி. எழுத்து தெரியணும்" என்றார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார்; தங்கச்சியை நங்கி என்பதும் தம்பியை மல்லி என்பதும் மட்டும் மாறாது.

கொடியைக் கழற்றினேன். கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டேன். மாமி மறிக்கவில்லை. "பார்ப்பம், ஆற்ற கதை சரியெண்டு," என்றார். கணவரும் நானும் தட்டாரிடம் போனோம். அராவ வேண்டாம், சூடு காட்டி எடுத்தால் மட்டும் போதும் என்று இரண்டு தரம் சொன்னேன். அவர் வளையத்தை எடுத்தார், ஒட்டையும் எடுத்தார். பிறகு, "சும்மா விட்டா விளிம்பு கரடுமுரடா நிக்கும் தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே, நான் வாய் திறப்பதற்குள், அன்பாக நான்கு தரம் அரத்தால் இழுத்துவிட்டார். விளிம்பில் வரிசையாக இருந்த வரிகள் அந்த இடத்தில் வழுவழு என்று போயின. அதற்குக் காசும் வாங்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

ஆனால் வாலுக்குக் கீழே இரண்டு எழுத்து இருந்தது. 'சி', அதற்குப் பக்கத்தில் இன்னொரு 'சி'. பஸ்ஸில் வரும்போது நான் அதைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தேன். கணவர், "ஒரு எழுத்துக்காக ஆராவது காசு குடுப்பினமோ?" என்று கேட்டார்.

"ரெண்டு எழுத்து," என்றேன்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். பழைய காசைக் கழுவக்கூடாது, துடைக்கவும் கூடாது என்று நான் வாசித்திருந்தேன். ஒரு இடத்தில் அல்ல, எல்லா இடத்திலும் அதே எழுதியிருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. சனிக்கிழமை காலை, புறப்படுவதற்கு முன் காசை வெளியே எடுத்துப் பார்த்தேன். ஒட்டு இருந்த இடத்தில் கரி. முகத்தின் மடிப்புகளில் மூன்று வருட மஞ்சள், வியர்வை, பிள்ளை கக்கிய பால். என் தாலியில் கிடந்த பொருளை இப்படியே ஓர் அந்நிய ஆணின் கையில் கொடுப்பதா? எங்கள் வீட்டில் நகையைத் திருத்தக் கொடுப்பதென்றாலும் கழுவித்தான் கொடுப்போம். கழுவாமல் கொடுக்கிற பெண்ணைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். வாசித்தது ஒரு பக்கம், வளர்ந்தது ஒரு பக்கம். கொஞ்சமாக, கரியை மட்டும், என்று நினைத்துப் புளியைக் கரைத்தேன். கரி போனது. கரி போன இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்ததால் மற்ற இடத்தையும் தேய்த்தேன். பிறகு மகளுக்கென்று வாங்கி வைத்திருந்த புதுப் பல்துலக்கியில் பற்பொடி தொட்டு மடிப்புகளைத் தேய்த்தேன். காசு அன்றைக்கு அடித்தது மாதிரி மின்னியது. மாமி பார்த்துவிட்டு, "இப்பதான் பவுண் மாதிரி இருக்கு" என்றார். அந்த ஒரு நிமிடம் எனக்குச் சந்தோசமாக இருந்தது. அடுத்த நிமிடம் வாசித்ததெல்லாம் திரும்ப வந்தது.

பல் டொக்டரின் அறையில் எனக்கு ஒரு கதிரைதான் இருந்தது. கணவர் மகளையும் கொண்டு நோயாளி சாய்கிற நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். அது அவரைப் பின்னால் சாய்த்துவிட்டது. மகள் தலைக்கு மேலே இருந்த விளக்கைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"பல்லு இன்னும் இல்ல," என்று டொக்டர் அவளிடம் சொன்னார். "பிறகு வாங்க."

நெற்றியில் உருப்பெருக்கியை இறக்கிக்கொண்டு காசை விளிம்பில் பிடித்து விளக்குக்குக் கீழே திருப்பினார். பின்பக்கத்தைப் பார்த்தபோது அவருடைய கை நின்றது. முன்பக்கத்துக்குத் திருப்பினார். பெருமூச்சு விட்டார்.

"யார் நங்கி இத கழுவினது?"

கணவர் என்னைப் பார்த்தார். பழியைத் தட்டாரின் மேல் போட்டிருக்கலாம். வசதியாகத்தான் இருந்திருக்கும்.

"நான்தான், டொக்டர். இண்டைக்குக் காலமை."

"இண்டைக்கா? நூறு வருசத்துக்கு மேல இருந்தது, ஒரு நாள் பொறுக்க ஏலாதா?" நாக்கைச் சப்பினார். "காசும் பல்லு மாதிரித்தான். மேல இருக்கிற தோல் ஒருக்கா போனா திரும்பி வராது. தலைமயிர் கொஞ்சம் தேஞ்சிருக்கு, அது பரவாயில்ல, கை மாறின காசு தேயும். வளையம் ஒட்டின அடையாளம், அது ஒரு குறை. இந்த விளிம்பு அராவினது ரெண்டாவது. கழுவினது மூணாவது. இதெல்லாம் இல்லாம வந்திருந்தா நான் வேற மாதிரி கதைச்சிருப்பேன்." பிறகு ஒரு தொகை சொன்னார். தங்க விலைக்குக் கொஞ்சம் மேல்.

கணவர் நாற்காலியிலிருந்து இறங்கப் பார்த்தார். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. நாட்டை விட்டுப் போகிறவரின் முகம் அது. அதைப் பார்த்த பிறகு எனக்குள் இருந்த பயங்கள் ஒன்றும் பேசவில்லை. நான் பேசினேன்.

"டொக்டர், கழுவினது என்ர பிழை. அதுக்குக் குறையுங்கோ. அராவினதுக்கும் குறையுங்கோ. வளையத்துக்கும் குறையுங்கோ. ஆனா அந்த ரெண்டு எழுத்தை நான் கழுவேல்லை. அது அப்பிடியே இருக்கு."

"இருக்குது."

"அதுக்கு நீங்கள் ஒண்டும் கூட்டேல்லை. கழிச்சது மட்டும்தான்."

அவர் உருப்பெருக்கியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைக் காட்டினேன். "உங்கட சட்டத்தில அமெரிக்கா வெள்ளிக் காசு மூண்டு இருக்கு. பல்லுப் பிடுங்க வந்தண்டைக்கே பாத்தனான். உள்ள வரேக்க திரும்பவும் கிட்டப் போய்ப் பாத்தனான். ஒண்டிலயும் இந்த எழுத்து இல்லை."

டொக்டர் தன்னுடைய சட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்து, "மல்லி, இவ வீட்டிலயும் இப்பிடியா?" என்று கேட்டார்.

"இல்லை டொக்டர். வீட்டில அடுப்பு அணைச்சனோ எண்டு மூண்டு தரம் கேப்பா."

டொக்டர் சிரித்துவிட்டார். எவ்வளவு தேவை, எதற்கு என்று கேட்டார். மறைக்க ஒன்றும் இல்லை. பாவித்த இயந்திரம் ஒன்று என்று சொன்னோம். "இயந்திரத்தின் விலைக்கு நான் காசு வாங்க ஏலாது. காசின் விலைக்குத்தான் வாங்கலாம்," என்றார். அது நியாயம். ஆனால் அவர் இரண்டாவதாகச் சொன்ன தொகை முதல் சொன்னதைப் போல ஒன்றரை மடங்கு. கொழும்பில் கேட்டுப் பார்க்க விரும்பினால் போகலாம், தான் கோபிக்கமாட்டேன் என்றும் சொன்னார். நான் யோசித்தேன். இன்னொரு கடை, இன்னொரு உருப்பெருக்கி, யார் கழுவினது என்று இன்னொரு தரம். விற்றோம்.

இயந்திரத்துக்கு இன்னும் பணம் குறைந்தது. முந்தல் சந்தியில் பஸ்ஸால் இறங்கி நடக்கும்போது அவர், "அப்ப ஏஜென்டிட்ட ஒரு மாதம் தவணை கேக்கிறன்" என்று மட்டும் சொன்னார்.

மாமி வாசலில் நின்றார். என்ன விலை என்று கேட்கவில்லை. "என்ன சொன்னவர்? கள்ளக் காசோ?"

"நல்ல தங்கம், மாமி. அருமையான காசு எண்டு சொன்னவர். நான் கழுவிக் கெடுத்துப்போட்டன்."

"கழுவினா கெடுமோ? என்ன கதை." ஆனால் அவருடைய தோள் இறங்கியது. காசைப் பற்றி நான் சொன்ன நாளிலிருந்து அவர் தூக்கிப் பிடித்திருந்த தோள் அது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கொடியை எடுத்துத் தரச் சொன்னார். இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. ராசாக் காசின் பாரத்தில் தாலி ஒரு பக்கம் சரிந்தது. விரலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஒத்தைக் காசோட கொடி போடப்படாது. சரிஞ்சு நிக்குது பார். மற்றதையும் கழட்டிக் குடு."

"அம்மா, அது எதுக்கு?" என்றார் கணவர்.

"எதுக்கோ? எஞ்சினுக்குத்தான். ரெண்டும் இருந்தா இருக்கோணும், இல்லாட்டி ரெண்டும் போகோணும். ராணி போன வீட்டில ராசாவுக்கு என்ன வேலை?" பிறகு என்னைப் பார்த்தார். "நீ பேசாம இரு பிள்ளை. நான் வாங்கின காசு. என்ர மோனை இஞ்ச வைக்கத்தான் நானும் யோசிக்கிறன். நீ மட்டுமே யோசிக்கிறாய்?"

ராசாக் காசு சாதாரணப் பவுண் காசு. அதைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உரைகல்லில் ஒரு இழுவை, தராசில் ஒரு நிமிடம், முடிந்தது. பாவித்த இயந்திரத்துக்குப் பணம் சரியாகிவிட்டது. அடுத்த கிழமை கணவர் கடவுச்சீட்டைத் திரும்ப வாங்கிவந்தார். நாங்கள் முதல் கட்டிய பணத்தில் பாதியை ஏஜென்ட் திருப்பித் தரவில்லை. அதைப் பற்றி நான் வருத்தப்பட்டதாகச் சொன்னால் பொய்.

கழுவாமல் இருந்திருந்தால் ராசாக் காசாவது மிஞ்சியிருக்குமா என்று இப்போதும் சில நாட்களில் கணக்குப் பார்ப்பேன். மிஞ்சியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். காசில்லாத கொடியைப் பார்த்துக் கோயில் வீதியில் யாராவது கேட்டால் மாமி எனக்கு முன்னால் பதில் சொல்கிறார்: "அமெரிக்காக் காசு இருந்தது. சிலாபத்தில பெரிய டொக்டர் ஒருத்தர் கெஞ்சிக் கேட்டு வாங்கினவர்." நான் திருத்துவதில்லை.

அவர் இப்போது எங்கள் வள்ளத்திலேயே விடியலில் போய்ப் பதினொரு மணியளவில் கரைக்கு வருகிறார். காற்று கொஞ்சம் கூடினாலும் நான் மகளைத் தூக்கிக்கொண்டு வேலிக்கும் கரைக்கும் நடக்கிறேன். கட்டாருக்குப் போயிருந்தால் அங்கத்தைய வெயிலை நினைத்து இரண்டு வருடம் பயந்திருப்பேன். இது ஒவ்வொரு நாளும் மத்தியானத்தோடு முடிகிற பயம். இதை என்னால் சமாளிக்க முடியும். நேற்று அவர் வரப் பன்னிரண்டரை ஆனது. வலை கடலடிக் கற்பாரில் சிக்கிவிட்டதாம். நான் கேட்கத் தொடங்குவதற்குள், மகள் என் இடுப்பிலிருந்து எட்டி அவர் கையைப் பிடித்து மணந்து பார்த்தாள். மண்ணெண்ணெய் மணத்துக்கு முகத்தைச் சுளித்தாள். சுளித்துக்கொண்டே அவரிடம் தாவினாள்.